வாடும் முற்றத்து மரத்தை ஆராய்தலும் மீட்டலும்

முன்னுரை

வீட்டு முற்றத்தில் நிற்கும் வேம்போ, பூவரசோ, கொன்றையோ அழகுக்காக மட்டும் வைக்கப்பட்டதன்று. கச்சான் காற்று வீசும் மாதங்களில் வீட்டுக்கும் கிணற்றடிக்கும் மாட்டுக்கும் நிழல் தருவது அதுவே. பறித்த மிளகாயும் கத்தரியும் தரம் பிரிக்கப்பட்டுச் சாக்கில் இடப்படுவதும் அதன் கீழேயே. வேம்பாயின், அதன் விதையிலிருந்து எடுக்கும் சாறு மரக்கறிப் பயிர்களின் பீடைகளைக் கட்டுப்படுத்தவும் உதவுகின்றது. ஒரு போகத்து நெல் கெட்டால் அடுத்த போகத்தில் மீண்டும் விதைக்கலாம். பதினைந்து ஆண்டு வளர்ந்த மரம் பட்டுப்போனால், அதன் நிழலை மீண்டும் பெறப் பதினைந்து ஆண்டு காத்திருத்தல் வேண்டும்.

மரம் வாடத் தொடங்கியதும் பெரும்பாலோர் மூன்று காரியங்களுள் ஒன்றைச் செய்கின்றனர். அடியில் யூரியாவைக் கொட்டுகின்றனர். அல்லது நாள்தோறும் ஒரு வாளி நீரை அடிமரத்தில் ஊற்றுகின்றனர். அல்லது இனி உதவாதென்று தறித்து விடுகின்றனர். காரணம் அறியாமற் செய்யும்போது இம் மூன்றும் தீங்காய் முடியலாம். நீர் தேங்கி வேர் அழுகும் மரத்துக்கு மேலும் நீர் ஊற்றுவதும், உப்பினால் வருந்தும் மரத்துக்கு அசேதனப் பசளை இடுவதும், இலையுதிர் காலத்து மரத்தைப் பட்டதெனக் கருதி வெட்டுவதும் இவ்வகையின. ஆகவே முதலிற் காரணத்தை ஆராய்ந்து, பின்னரே பரிகாரம் செய்தல் வேண்டும். அம் முறையை இப் பிரசுரம் படிப்படியாக விளக்குகின்றது.

புல்மோட்டையின் மண்ணும் காற்றும்

புல்மோட்டை உலர் வலயத்தைச் சேர்ந்தது. ஆண்டு மழையின் பெரும் பகுதி ஐப்பசி முதல் தை வரையுள்ள மாரி காலத்திற் பெய்து விடுகின்றது. எஞ்சிய மாதங்களில் மரம் தன் வேர் எட்டும் ஈரத்தைக் கொண்டே வாழவேண்டும்.

இங்கு இருவகைக் காற்று மரத்தைத் தாக்கும். மாரியில் வடகிழக்கிலிருந்து கடற்காற்று வீசும். அது உப்புத் துளிகளைச் சுமந்து வரும். வைகாசி முதல் புரட்டாதி வரை தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும். அது தரைமேல் வந்து ஈரத்தை உறிஞ்சும் வெப்பக் காற்று. இவ் வேறுபாடு நோயறிவதற்குப் பெரிதும் பயன்படும்.

கரையோர மண் பெரும்பாலும் மணல். நீர் விரைந்து கீழிறங்கும். இட்ட பசளையும் அதனுடன் கரைந்து போகும். 1957 ஆம் ஆண்டில் கனிய மணற் கூட்டுத்தாபனம் அமைக்கப்படுவதற்குக் காரணமாயிருந்த இல்மனைற்றுக் கருமணல் இக் கரையின் செல்வமாகும். எனினும் அது மரத்துக்கு உணவாகாது. இல்மனைற்றில் இரும்பு உண்டு. ஆயினும் அக் கனியம் எளிதிற் சிதையாததால் அவ்விரும்பு வேருக்குக் கிட்டுவதில்லை. மேலும் கரிய மணல் வெயிலில் வெண்மணலிலும் மிகுதியாகச் சூடேறும். மூடாக்கின்றி விடின் மேல்வேர்கள் வெந்து போகும்.

முதற்படி: மரம் உயிரோடிருக்கின்றதா?

இலையில்லாத மரம் எல்லாம் பட்ட மரமன்று. கொன்றை வறண்ட காலத்தில் இலையுதிர்த்துப் பின்னர் பூக்கும் இயல்புடையது. வேம்பும் கடும் வறட்சியில் இலைகளைக் கொட்டும்.

ஐயமாயின், நுனிச் சிறுகிளை ஒன்றின் பட்டையை நகத்தாற் கீறிப் பார்க்க. உள்ளே பசுமையும் ஈரமும் காணப்படின் அக் கிளை உயிருள்ளது. கபில நிறமாய் உலர்ந்திருப்பின் அப்பகுதி பட்டுவிட்டது. நுனி பட்டிருப்பின், படிப்படியாக உட்புறம் நோக்கி வந்து, பசுமை எங்கே தொடங்குகின்றதென்று அறிக. மரத்தின் நாற்புறத்திலும் இவ்வாறு சோதித்தல் வேண்டும். அடிமரத்துப் பட்டையின் கீழும் பசுமை இல்லையாயின் மட்டுமே மரம் பட்டதென முடிவு செய்யலாம்.

இரண்டாம்படி: மரத்தின் வரலாற்றைக் கேட்டறிதல்

மரம் தனக்கு நேர்ந்த தீங்கை உடனே காட்டாது. வேர் அறுக்கப்பட்டு ஓராண்டு, ஈராண்டு சென்றபின் கிளை காய்வதுண்டு. ஆதலால் கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றை வீட்டாரோடு கூடி நினைத்துப் பார்க்க:

1. மரத்தடியில் மண் நிரப்பி முற்றம் உயர்த்தப்பட்டதா? சீமெந்து இடப்பட்டதா?
2. அத்திவாரம், குழாய், கிணறு ஆகியவற்றுக்காக அருகே தோண்டப்பட்டதா?
3. அடிமரத்திற் கம்பியோ மாட்டுக் கயிறோ கட்டப்பட்டுள்ளதா?
4. குப்பை எரிக்கப்பட்டதா? சவர்க்கார நீர் அங்கே வடிகின்றதா?
5. அருகிலுள்ள வயலிலோ வேலியோரத்திலோ களைநாசினி தெளிக்கப்பட்டதா?
6. ஊற்றும் கிணற்று நீரின் சுவை மாறியுள்ளதா?

இவற்றுள் ஒன்றுக்கு ஆம் என்ற விடை கிடைப்பின், பாதி நோய் அறியப்பட்டதாகும்.

மூன்றாம்படி: இலையையும் கிளையையும் வாசித்தல்

இலையோரம் கருகுதல்: முழு மரத்திலும் ஒரே அளவாய்க் கருகின், வேருக்கு நீர் போதாமையை முதலில் ஐயுறுக. மாரியின் பின் கடல் நோக்கிய பக்கம் மட்டும் கருகியிருப்பின் உப்புக் காற்றின் வேலையாகும். ஆடி, ஆவணியில் தென்மேற்குப் பக்கம் மட்டும் கருகின் கச்சானின் வேலையாகும். முதிர்ந்த இலைகளில் நுனியிலிருந்து ஓரம் வழியாக உள்நோக்கிக் கருகி, மண்மேல் வெண்பொருக்கும் காணப்படின், நிலத்திலோ நீரிலோ உப்பு மிகுந்துள்ளது.

மஞ்சளாதல்: முதிர்ந்த இலைகள் ஒருசீராக மஞ்சளாயின் நைதரசன் குறைவாயிருக்கலாம், வேர் மூச்சுவிட இயலாத நீர்த்தேக்கத்திலும் இவ்வாறே தோன்றும். இளந்தளிர் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சையாய் நிற்பின் இரும்புக் குறைபாடெனக் கொள்க. சிப்பியும் சுண்ணாம்பும் கலந்த கரையோர மணலிலும், சீமெந்துக் கழிவு புதைத்த இடத்திலும் இது தோன்றும்.

தளிர் முறுகுதல்: புதுத் தளிர்கள் நாடாப்போல் ஒடுங்கியோ கிண்ணம்போல் மடிந்தோ முறுகியோ வரின் களைநாசினி பட்டிருத்தல் கூடும். நெல்வயலில் அகலவிலைக் களைகளுக்குத் தெளிக்கப்படும் எம்.சி.பி.ஏ. போன்றவை காற்றில் மிதந்து சென்று, அகலவிலை கொண்ட மரங்களையும் மரக்கறிப் பயிர்களையும் தாக்கும்.

ஒரு கிளை மட்டும் வாடுதல்: அக் கிளையை அடிவரை ஆராய்க. துளையும் மரத்தூளும் காணப்படின் துளைக்கும் புழு உள்ளது. கம்பி இறுகிய தழும்பு, வெடித்த பட்டை, பிசின் வடிதல் ஆகியவற்றையும் தேடுக.

கறையான் புற்று: பட்டைமேல் மண்பூச்சைக் கண்டவுடன் கறையானே மரத்தைக் கொன்றதென முடிவு செய்யற்க. பூச்சைச் சுரண்டிப் பார்த்தாற் பெரும்பாலும் அது உலர்ந்த புறப்பட்டையை மட்டும் தின்பது தெரியவரும். கறையான் அடுத்தடுத்து வரின் அங்கே பட்ட பகுதி உண்டென்பதற்கு அது சான்று.

அடியில் விசிறிக் காளான்: அடிமரத்தில் அல்லது வேரில் விசிறி வடிவமான கடினக் காளான் தோன்றின், உள்ளே மரம் அழுகி வருகின்றது. இதற்கு மருந்தில்லை.

நான்காம்படி: அடிமரமும் வேரும்

பலர் பார்க்காத இடமும், பெரும்பாலான காரணங்கள் மறைந்திருக்கும் இடமும் இதுவே. நன்கு நடப்பட்ட மரத்தின் அடி, நிலத்தைத் தொடுமிடத்தில் அகன்று வேர்களாகப் பிரிவது கண்ணுக்குத் தெரியும். மரம் நட்ட தூண்போல் நேராக மண்ணுள் இறங்கின், அதன் கழுத்து புதைந்துள்ளது. வேர் மண்ணில் வாழப் பிறந்தது. பட்டை காற்றில் வாழப் பிறந்தது. ஈர மண்ணுக்குள் நெடுநாட் கிடக்கும் பட்டை அழுகும்.

கைக்கரண்டியாலும் மரக் குச்சியாலும் மண்ணை மெல்ல விலக்கி, முதலாவது பெருவேர் தெரியும்வரை திறக்க. மண்வெட்டியால் வெட்டுதல் கூடாது. திறந்தபின், அடிமரத்தைச் சுற்றி வளைந்து நெரிக்கும் வேர் உண்டோவெனப் பார்க்க. பொலித்தீன் பையில் அளவுக்கு மிஞ்சிய காலம் வைத்திருந்த கன்றின் வேர், பையின் சுவரைச் சுற்றி வளைந்து, பின்னர் அவ்வளைவிலேயே பருத்து, மரத்தைக் கயிறுபோல் இறுக்கும்.

குளிர் நாடுகளிற் புகழ்பெற்ற மேப்பிள் மரமும் இவ்வாறே வருந்துகின்றது. 1965 ஆம் ஆண்டு முதல் கனடாக் கொடியில் இலை பொறிக்கப்பட்டுள்ள மரம் அதுவே. யப்பானியர் அதன் சிற்றினங்களை அழகுக்காக வளர்க்கின்றனர். மேப்பிள் வாடினால் அந்நாட்டுத் தோட்டக்காரரும் புதைந்த கழுத்தையும் நெரிக்கும் வேரையும் தேடுகின்றனர். வெப்பக் காற்றில் அதன் இலையோரமும் கருகுகின்றது. மரம் வேறாயினும் ஆராயும் முறை ஒன்றே. மேப்பிள் குளிர்கால உறக்கம் வேண்டும் மரமாதலால் நம் கரையில் அதனை வளர்க்க முயல்வது வீண். மேலும், வெளிநாட்டு உறவினர் மூலம் விதையோ கன்றோ அனுமதியின்றிக் கொண்டு வருதல் 1999 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்துக்கு மாறானது. ஒரு பிடி மண்ணோடு வரும் நோய் ஓர் ஊரின் மரக்கறித் தோட்டங்களை அழிக்கக்கூடும்.

ஐந்தாம்படி: மண்ணின் ஈரத்தைச் சோதித்தல்

கிளைப் பரப்பின் விளிம்புக்குக் கீழே ஓரடி ஆழமான சிறு குழி தோண்டி, அடியிலுள்ள மண்ணைக் கையிலெடுக்க. உலர்ந்து உதிரின் நீர் போதாது. குளிர்ந்து ஈரமாயிருப்பின் போதும். சேறாகி நாற்றம் வீசின் நீர் தேங்கியுள்ளது. மண் ஈரமாயிருக்கவும் இலை வாடின், வேர் அழுகுவதை ஐயுறுக.

பின்னர் அக் குழியை நீரால் நிரப்புக. ஒரு நாள் சென்றும் நீர் நிற்பின் வடிகால் போதாது. வேம்பு இத்தகைய இடத்தை அறவே தாங்காது. சில நிமிடங்களில் மறையின் அது மணல். நீரைப் பிரித்துக் கொடுத்தலும் மூடாக்கும் அங்கே இன்றியமையாதன.

கிணற்று நீரில் ஐயமிருப்பின், மாதிரியை விவசாயப் போதனாசிரியரிடம் காட்டி, மின்கடத்துதிறனைச் சோதிப்பிக்க. அளவு மீற்றருக்கு 0.7 டெசிசீமனுக்குக் குறைவாயின் கவலையில்லை. 3 டெசிசீமனுக்கு மேற்படின் அந்நீர் பெரும்பாலான பயிருக்கும் மரத்துக்கும் ஆகாது. 2004 டிசெம்பர் 26 ஆந் திகதிக் கடற்கோளின்போது கிழக்குக் கரையிற் பல கிணறுகள் உவரானமை நாம் அறிந்ததே. கரையோரக் கிணற்றில் நன்னீர், உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கோடையில் இயந்திரத்தால் அளவிறந்து இறைப்பின் கீழுள்ள உவர்நீர் மேலெழும்.

மீட்கும் முறை

1. காரணத்தை அகற்றுக: புதைந்த கழுத்தைத் திறந்து விடுக. நிரப்பிய மண்ணை அடிமரத்தைச் சுற்றி மூன்றடிக்காவது பழைய மட்டம் வரை அகற்றுக. நெரிக்கும் வேர் விரற் பருமனாயின் உளியால் உடனே அறுக்கலாம். பெரியவை பலவாயின், ஒரு மாரிக்கு ஒன்றாக அறுத்தல் நன்று. கம்பியையும் கயிற்றையும் நீக்குக.

2. நீரை முறையாக ஊற்றுக: நீர் வேண்டுவது அடிமரத்துக்கன்று, அகன்று பரந்த வேர்நுனிகளுக்கு. கிளை விளிம்பின் கீழே வட்டமாகச் சிறு வரம்பு கட்டி, அதனுள் ஊற்றுக. அடிமரத்தின் விட்டம் ஒவ்வோர் அங்குலத்துக்கும் ஏறக்குறைய 40 லீற்றர் ஒரு தடவைக்குப் போதுமானது. நான்கங்குல மரத்துக்கு 160 லீற்றராகும். மணலில் இதனை இரண்டாகப் பிரித்து, இரு நாள் இடைவிட்டு ஊற்றுக. பின்னர் ஒரு மெல்லிய இரும்புக் கம்பியைக் குத்திப் பார்க்க. ஈரம் சென்ற ஆழம் வரை அது எளிதில் இறங்கும். மேலோட்டமாய் நாள்தோறும் ஊற்றும் சிறுநீரளவு வேரை மேலே இழுத்து, அடுத்த கச்சானுக்குப் பலியாக்கும்.

3. நீர் தேங்கின் வடிக்க: முற்றத்து நீரை மரத்தடியிலிருந்து அப்பாற் செலுத்தும் ஆழமற்ற வாய்க்கால் வெட்டுக. பெருவேரை அறுக்காது வெட்டுதல் வேண்டும்.

4. உப்பைக் கழுவுக: மாரி மழையே சிறந்த மருந்து. வட்ட வரம்பினுள் மழைநீரைத் தேக்கி உட்செல்ல விடின், உப்பு வேருக்குக் கீழே இறங்கும். கடற்காற்று ஓய்ந்தபின் இளமரத்தின் இலைகளை நன்னீராற் கழுவலாம். உவர் நிலத்திற் சாம்பல் இடற்க.

5. மூடாக்கிடுக: வைக்கோல், சருகு, தென்னம்பொச்சு ஆகியவற்றை மூன்று நான்கு அங்குலக் கனத்துக்குப் பரப்புக. அடிமரத்திலிருந்து ஒரு சாண் இடைவெளி விடுதல் வேண்டும். பட்டையைத் தொட்டுக் குவிப்பின் அழுகலும் கறையானும் வரும்.

6. பட்டதை மட்டும் வெட்டுக: பச்சைக் கிளையைக் குறைத்தால் மரம் தேறுமென்பது தவறு. இலையே மரத்தின் அடுப்பு. நோயுற்ற வீட்டில் அடுப்பை அணைக்கலாகாது. பெருங்கிளையாயின், முதலில் அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளிக் கீழிருந்து மூன்றிலொரு பங்கு அறுக்க. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கிளையை வீழ்த்துக. எஞ்சிய குற்றியைக் கிளையின் அடிப்பருப்புக்குச் சற்று வெளியே மூன்றாவதாக அறுக்க. இவ்வாறு செய்யின் பட்டை உரியாது. காயத்துக்குத் தார் பூசத் தேவையில்லை. மரம் தானே மூடிக்கொள்ளும்.

7. பசளைக்கு அவசரம் வேண்டாம்: யூரியாவும் ஏனைய அசேதனப் பசளைகளும் உப்புத் தன்மையுடையன. வேர் நலிந்த மரத்துக்கு இட்டால் உள்ள ஈரத்தையும் வேரிடமிருந்து விலக்கும். புதுத் தளிர் தோன்றியபின், மாரி தொடக்கத்தில் நன்கு மக்கிய கூட்டெருவை மட்டும் கிளைப்பரப்பின் கீழே மெல்லிதாய்ப் பரப்புக. புதுச் சாணம் ஆகாது.

ஓர் எடுத்துக்காட்டு

ஒரு வளவிற் பத்தாண்டுக் கொன்றை நிற்கின்றதெனக் கொள்க. ஈராண்டாய் இலை சிறுத்து, நுனிக்கிளைகள் காய்கின்றன. வீட்டார் யூரியா இட்டனர், நாள்தோறும் நீர் ஊற்றினர், பயனில்லை. நகத்தாற் கீறினால் நடுக்கிளைகள் பசுமையாயுள்ளன. வாட்டம் ஒரு பக்கத்தினதன்று. எனவே காற்றைக் குற்றம் கூறுதற்கில்லை. தளிர் முறுகவில்லை, எனவே களைநாசினியன்று. புதுவீடு கட்டியபோது முற்றம் ஓரடி உயர்த்தப்பட்டதென்பது கேட்டறியப்படுகின்றது. அடியைத் திறந்தால் பழைய மட்டம்வரை பட்டை மென்மையாகி ஈரமாயிருக்கின்றது. காரணம் இப்போது தெளிவு: கழுத்துப் புதைந்தமையும், அங்கே நாள்தோறும் ஊற்றிய நீரும். மண்ணை அகற்றி, பட்டையைக் காற்றாட விட்டு, நீரை விளிம்புக்கு மாற்றி, மூடாக்கிட்டு, யூரியாவை நிறுத்துதலே பரிகாரம். பலனை ஒரு மாதத்தில் எதிர்பார்க்கலாகாது. இரண்டாவது மாரி கழிந்து, தளிர் முன்னிலும் நீண்டு வளர்ந்துள்ளதா என்று பார்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

எப்போது மரத்தைக் கைவிடுவது?

அடியில் விசிறிக் காளான் தோன்றினும், அடிமரம் தட்டும்போது வெற்றொலி எழுப்பினும், மரம் புதிதாய்ச் சாய்ந்து மறுபுறம் மண் வெடிப்பினும், கிளைப்பரப்பிற் பாதிக்கு மேல் பட்டிருப்பினும் தாமதியாது தகுந்தவர்களுக்குக் காட்டுக. வீட்டுக்கூரைமேலும் பிள்ளைகள் விளையாடும் இடத்திலும் மாரிக் காற்றில் விழும் மரம் உயிரைக் கொல்லும். மின்கம்பிக்கு அருகே நிற்பின் மின்சார சபைக்கு அறிவியாது வெட்டற்க. பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகியவற்றைத் தறிப்பதற்கு 1951 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அனுமதி பெறுதல் வேண்டும்.

புதிதாய் நடுவோர் கவனிக்க

இடத்துக்கேற்ற மரத்தைத் தெரிக. கடலோரத்துக்குப் பூவரசும் புன்னையும் ஏற்றன; உப்புக் காற்றைத் தாங்குவன. உள்வளவுக்கு வேம்பும் கொன்றையும் மகிழும் நன்று. வாய்க்காலோர ஈர நிலத்துக்கு மருது பொருந்தும். முதல் மழை விழுந்து நிலம் நனைந்தபின் நடுக. குழி பையைப்போல் மும்மடங்கு அகலமாயும், பையின் ஆழத்துக்கு மேற்படாமலும் இருத்தல் வேண்டும். பையை முற்றாக நீக்கி, சுற்றிய வேர்களை அறுத்து விரித்து, கழுத்து நிலமட்டத்தில் நிற்கும்படி நடுக. முதல் இரண்டு கச்சானுக்கு நீரும் மூடாக்கும் தவறாது வேண்டும்.

மரக்கறித் தோட்டத்துக்கும் இதுவே முறை

காரணம் அறிந்து பரிகாரம் செய்யும் இவ்வொழுங்கு கத்தரிக்கும் தக்காளிக்கும் பொருந்தும். பச்சையாயிருந்த செடி திடீரென வாடின், நீர்க்குறைவென்று எண்ணி வாய்க்காலைத் திறந்து விடற்க. அடித்தண்டை வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் நுனி தொடும்படி சில நிமிடம் பிடிக்க. பால்போன்ற இழைகள் இறங்கின் அது பற்றீரியா வாடல் நோய். அச் செடியை வேரோடு அகற்றி அழிக்க. அப் பாத்தியின் நீரை அடுத்த பாத்திக்கு விடற்க.

சுருக்கம்

1. நகத்தாற் கீறி உயிருண்டோவென அறிக.
2. கடந்த மூன்றாண்டில் மரத்தடியில் நிகழ்ந்ததைக் கேட்டறிக.
3. வாட்டம் எப்பக்கம், எவ்விலையிலெனக் குறித்துக் கொள்க.
4. அடிமரத்தின் கழுத்தைத் திறந்து பார்க்க.
5. ஓரடி ஆழத்து மண்ணைக் கையிலெடுத்துப் பார்க்க.
6. காரணத்தை அகற்றி, ஆழமாய் நீரூற்றி, மூடாக்கிடுக.
7. தளிர் தோன்றுமுன் பசளை இடற்க.
8. இரண்டு மாரி காத்திருந்தே முடிவு செய்க.

ஐயமிருப்பின், வாடிய கிளையொன்றையும் நல்ல கிளையொன்றையும், ஓரடி ஆழத்திலெடுத்த மண்ணில் ஒரு பிடியையும் தனித்தனிப் பைகளிலிட்டு, அண்மையிலுள்ள கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுக.